நடுக்கடல் வேலைக்கு ஆகாய வழி: பயிற்சியே பாதுகாப்பு

நமது தேசத்தில் உற்பத்தியாகும் கச்சா எண்ணெயில் கணிசமானதொரு பகுதி தரையிலிருந்து கிடைப்பதன்று. கடலின் அடியிலிருந்து கிடைப்பதாகும். மும்பை நகருக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில், கரை கண்ணுக்குப் புலப்படாத அரபிக் கடலின் நடுவே, 'மும்பை ஹை' என வழங்கும் எண்ணெய் வயல் இருக்கிறது. 1974-ம் வருஷத்தில் 'சாகர் சம்ராட்' என்னும் துளையிடும் மேடை அங்கே எண்ணெய் இருப்பதைக் கண்டது. 1976-ம் வருஷம் முதல் அவ்வயல் தேசத்துக்கு எண்ணெய் அளித்து வருகிறது. இரும்புக் கால்களை ஊன்றிக் கொண்டு கடலில் நிற்கும் மேடைகளில் இரவென்றும் பகலென்றும் பாராமல் மனிதர் உழைப்பதனாலேயே நம் வீதிகளில் வண்டிகள் ஓடுகின்றன. நம் வீடுகளில் அடுப்புகள் எரிகின்றன.

இம்மனிதர்கள் வேலைக்குச் செல்லும் மார்க்கம் எது? ரயிலும் மோட்டாரும் அவ்விடத்துக்குப் போக மாட்டா. அவர்களுடைய ராஜபாட்டை ஆகாயமே. அவர்களுடைய வண்டி ஹெலிகாப்டரே. மும்பை ஜுஹு விமான நிலையத்திலிருந்து புறப்படும் ஹெலிகாப்டர்களில் ஏறி, அவர்கள் கடலைக் கடந்து மேடைகளில் இறங்குகிறார்கள்; முறை முடிந்ததும் அவ்விதமே திரும்புகிறார்கள். 1985-ம் வருஷத்தில் பவன் ஹான்ஸ் என்னும் சர்க்கார் ஹெலிகாப்டர் ஸ்தாபனம் ஏற்படுத்தப்பட்டதற்கு முக்கிய காரணமே, எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்தின் இந்தக் கடற்பயணத் தேவையாகும்.

உல்லாசத்துக்காக விமானத்தில் ஏறுகிறவனுக்கு ஒரு சுதந்திரம் உண்டு. வானம் கறுத்திருந்தால் பிரயாணத்தை ஒத்தி வைக்கலாம். அச்சமிருந்தால் ரயிலில் போகலாம். கடல்மேடைத் தொழிலாளிக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை. ஹெலிகாப்டரில் ஏற மறுப்பது அவனுக்கு வேலையையே மறுப்பதாகும். தன் விருப்பத்தைக் கேளாமல் ஒரு யந்திரத்தில் ஏற்றப்படுகிறவனுடைய உயிருக்கு, ஏற்றுகிறவர்களே முழுப்பொறுப்பாளிகள். நாம் இன்று எழுதப் புகுந்த விஷயத்துக்கு அடிப்படையான தர்மம் இதுவே.

நம் கடலில் நேர்ந்தவை

சென்ற இருபது வருஷங்களுக்கு மேற்பட்ட காலத்தில் மும்பைக் கடலில் நேர்ந்த விபத்துகளைப் பொது ஜனங்கள் ஒவ்வொன்றாகப் பத்திரிகைகளில் படித்தார்கள். ஒவ்வொன்றாக மறந்தும் போனார்கள். அவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

2003-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி, எண்ணெய்க் கழகத்தின் ஊழியர்களை ஏற்றிச் சென்ற எம்.ஐ.-172 ரக ஹெலிகாப்டர் ஒன்று கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 29 பேரில் 27 பேர் மாண்டனர். 2015-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி இரவு, மேடையில் இறங்கிப் பழகுவதற்காகப் பறந்த டாபின் ரக ஹெலிகாப்டர் கடலில் விழுந்து, இரு விமானிகளும் உயிரிழந்தனர். 2018-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி காலை ஜுஹுவிலிருந்து புறப்பட்ட இன்னொரு டாபின், கிளம்பிய சில நிமிஷங்களிலேயே தொடர்பு இழந்து கடலில் மறைந்தது. இரு விமானிகளும், எண்ணெய்க் கழகத்தின் அதிகாரிகள் ஐவரும், ஆக எழுவர் மாண்டனர். 2022-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, மழைக்காலத்தின் நடுவே, சிகோர்ஸ்கி எஸ்-76டி என்னும் புதிய ரக ஹெலிகாப்டர் 'சாகர் கிரண்' மேடையை அணுகும் தறுவாயில் கடலில் இறங்கிற்று. அதிலிருந்த ஒன்பதின்மரில் ஐவர் மீட்கப்பட்டனர், நால்வர் மாண்டனர். அந்நால்வரில் ஒருவர் கழகத்தின் ஊழியரல்லர். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர்.

இந்தக் கடைசி விபத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். ஹெலிகாப்டர் வானத்தில் வெடித்துச் சிதறவில்லை. யாருமே இல்லாத சமுத்திரத்திலும் அது விழவில்லை. மேடை மிக அருகில் இருந்தது. உதவிக்குக் கப்பலும் படகும் இருந்தன. அப்படியிருந்தும் நான்கு உயிர்கள் போயின. ஹெலிகாப்டர் கடலைத் தொட்ட கணத்துக்கும் மனிதன் வெளிக்காற்றைச் சுவாசிக்கும் கணத்துக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவேளையில்தான் இவ்விஷயத்தின் ரகசியமெல்லாம் அடங்கியிருக்கிறது.

கவிழும் யந்திரம்

கப்பலின் பாரம் அடியில் இருக்கிறது. ஆகவே அது நிமிர்ந்து மிதக்கிறது. ஹெலிகாப்டரின் பாரமோ தலையில் இருக்கிறது. யந்திரங்களும், பெரிய பற்சக்கரப் பெட்டியும், விசிறியும் யாவும் பிரயாணிகளின் தலைக்குமேல் அமைந்துள்ளன. எனவே நீரில் விழுந்த ஹெலிகாப்டர், சிறிது அலை வீசினாலும் குடம் கவிழ்வது போலத் தலைகீழாய்க் கவிழ்ந்துவிடும். பக்கங்களில் காற்று நிரம்பி விரியும் மிதவைப் பைகள் அதை மூழ்காமல் தாங்கக்கூடும். ஆனால் கொந்தளிக்கும் கடலில் அது கவிழாமல் நிற்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. கவிழ்ந்த நிலையிலேயே மிதந்து கொண்டிருக்கும் ஹெலிகாப்டருக்குள் பிரயாணி தலைகீழாகத் தொங்குகிறான். இருட்டு, மூக்கிலும் கண்ணிலும் உப்பு நீர், மேல் எது, கீழ் எது என்று தெரியாத மயக்கம். இடுப்பில் கட்டிய வார் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. அடக்கிய மூச்சு சில வினாடிகளுக்கே போதுமானது.

இந்நிலையில் நீந்தத் தெரிந்தவனும் மடிகிறான், தேகபலமுள்ளவனும் மடிகிறான். பிழைக்கிறவன் யார்? முன்பே அதைப் பழகினவன். இதற்கென்றே ஒரு பயிற்சி உலகெங்கும் நடைபெற்று வருகிறது. ஹெலிகாப்டரின் உட்புறம் போல அமைந்த கூண்டொன்றில் ஆட்களை அமர்த்தி, வாரினால் கட்டி, ஆழமான நீச்சற் குளத்தில் இறக்கி, அதனுள்ளேயே கூண்டைத் தலைகீழாகத் திருப்புவார்கள். பயில்கிறவன் ஒரு கையால் ஜன்னலின் ஓரத்தைப் பற்றிக் கொள்ள வேண்டும். கூண்டின் அசைவு நிற்கும் வரையில் பொறுத்திருக்க வேண்டும். பிறகு ஜன்னலை வெளியே தள்ளிவிட்டு, அதன் பின்னரே இடுப்பு வாரை அவிழ்த்து, பற்றிய கையை விடாமல் அந்த வழியே வெளியேற வேண்டும்.

வாரை முதலில் அவிழ்த்தவன் நீரில் மிதந்து சென்று கூண்டின் மூலையில் முட்டிக் கொண்டு, வழியைத் தொலைத்து விடுவான். வழியைக் கையால் பற்றிக் கொண்ட பிறகே கட்டை அவிழ்க்க வேண்டும் என்னும் இச்சிறு விதியைக் கரையில் உட்கார்ந்து கேட்டால் எல்லோருக்கும் எளிதாகவே தோன்றும். நீருக்கடியில், திகிலில், அறிவு கலங்கும் நேரத்தில், கேட்ட விதி நினைவுக்கு வருவதில்லை; பழகிய கை மட்டுமே வேலை செய்கிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்றார் நம் முன்னோர். உயிர் பிழைப்பதும் கைப்பழக்கமே என்று இக்காலத்து யந்திர யுகம் நமக்குக் கற்பிக்கின்றது.

விமானிக்கு வேண்டிய பயிற்சி

பிரயாணியின் பயிற்சி கடைசிக் கவசமாகும். அந்தக் கவசம் தேவைப்படாமலே செய்வது விமானியின் பயிற்சி. இதன் முக்கியத்தை உணர்வதற்கு, நம்மினும் முன்னதாகக் கடல்மேல் ஹெலிகாப்டர்களை ஓட்டி, நம்மினும் அதிக விலை கொடுத்துப் பாடம் கற்ற தேசங்களின் அனுபவத்தைப் பார்ப்போம்.

1983-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி, பிரிட்டனின் தென்மேற்குக் கோடியிலுள்ள பென்ஸான்ஸிலிருந்து ஸில்லி தீவுகளுக்குப் பிரயாணிகளுடன் சென்ற ஹெலிகாப்டர் கடலில் மோதி, 26 பேரில் 20 பேர் மாண்டனர். யந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை. மங்கிய பனிமூட்டத்தில் கண்ணையே நம்பிப் பறந்த விமானிகள், ஹெலிகாப்டர் சிறிது சிறிதாகத் தாழ்ந்து வருவதை உணரவில்லை. கடலும் வானமும் ஒரே நிறமாகத் தோன்றும்போது தொடுவானம் மறைகிறது. அப்போது மனிதனுடைய கண்ணும் காதும் அவனுக்குத் துரோகம் செய்கின்றன. கருவிகள் மாத்திரமே உண்மை பேசுகின்றன. அவ்விபத்துக்குப் பிறகுதான், கடல்மட்டம் நெருங்கியதும் விமானியின் காதில் குரலெழுப்பி எச்சரிக்கும் கருவி வேண்டுமென்று விசாரணையாளர் வற்புறுத்தினர்.

முப்பது வருஷங்கள் கழிந்தன. 2013-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி, வட கடலின் எண்ணெய் மேடைத் தொழிலாளரை ஏற்றிக் கொண்டு ஷெட்லந்துத் தீவின் சம்பர்க் நிலையத்துக்கு வந்த சூப்பர் பூமா ஹெலிகாப்டர், மேகத்தினூடே இறங்கும் தறுவாயில் வேகம் குறைந்து குறைந்து போய்க் கடலில் வீழ்ந்தது. 18 பேரில் நால்வர் மாண்டனர். இறங்குதலின் கடைசிக் கட்டத்தில் வேகமானியை விமானிகள் போதிய அளவு கண்காணிக்கவில்லை என்று விசாரணை முடிவு கூறிற்று. ஹெலிகாப்டரின் ஒரு பகுதிச் செயலைத் தானியங்கிக் கருவியிடம் விட்டு, மற்றொரு பகுதியைத் தம் கையில் வைத்துக் கொண்ட நிலையில், வேகத்தைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்ற கவனம் நழுவிற்று. 1983-ல் தொடுவானத்தை நம்பிக் கெட்டனர். 2013-ல் தானியங்கியை நம்பிக் கெட்டனர். இரண்டிலும் குறைந்தது ஒன்றே: ஒருவர் ஓட்ட மற்றொருவர் கருவிகளை இமை கொட்டாமல் பார்த்து உரக்கச் சொல்லும் அப்பியாசம்.

இரு முடிவுகள்

பயிற்சியின் பலனை விளக்க இன்னும் இரண்டு சம்பவங்களை எதிரெதிராக நிறுத்திக் காட்டுகிறோம்.

2009-ம் வருஷம் மார்ச்சு 12-ந் தேதி, கானடாவின் நியூபௌண்ட்லந்துக் கரையிலிருந்து 18 பேருடன் எண்ணெய் வயலுக்குச் சென்ற சிகோர்ஸ்கி எஸ்-92 ரக ஹெலிகாப்டரில், பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் வடிகட்டியை இறுக்கிப் பிடித்திருந்த டைட்டானியம் ஆணிகள் முறிந்தன. எண்ணெய் முழுவதும் வெளியேறிற்று. எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் அடியோடு வீழ்ந்தது. ஆனால் வெப்பத்தைக் காட்டும் முள் ஏறவில்லை. ஏறாததன் காரணம், சூடேறுவதற்கு அங்கே எண்ணெயே இல்லாமற் போனதுதான். அதை உணராத விமானிகள், அழுத்தக் கருவியிலேயே கோளாறு இருக்கலாம் என்று எண்ணிக் கரையை நோக்கித் திரும்பினர். எண்ணெய் வற்றினாலும் அப்பெட்டி அரை மணி நேரம் ஓடும் என்ற எண்ணமும் அக்காலத்தில் பரவியிருந்தது; அது உண்மையன்று. உடனே கடலில் இறக்க வேண்டும் என்ற விதியிருந்தும் அவர்கள் இறக்கவில்லை. அபாயத்தை அறிவித்த சுமார் 11 நிமிஷத்துக்குள் ஹெலிகாப்டர் கடலில் மோதிற்று. பிழைத்தவர் ஒருவரே. இதற்கு முந்திய வருஷம் ஆஸ்திரேலியாவில் அதே ரக ஹெலிகாப்டரில் அதே ஆணிகள் முறிந்தபோது, விமானிகள் விரைந்து தரையில் இறக்கியதனால் யாவரும் தப்பினர். அதன் பின் ஆணிகளை மாற்றும்படி உத்தரவும் பிறந்தது. ஆனால் மாற்றுவதற்கு ஒரு வருஷ அவகாசம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த அவகாசத்துக்குள்ளேயே 17 உயிர்கள் போயின.

2012-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதியும், அக்டோபர் 22-ந் தேதியும், வட கடலின்மீது பறந்த இரண்டு ஈ.சி.-225 ரக ஹெலிகாப்டர்களில் எண்ணெய்ப் பம்புகளை ஓட்டும் தண்டு வெடித்து முறிந்தது. அவசர கால எண்ணெய் ஏற்பாடும் பலிக்கவில்லை என்று விளக்குகள் எரிந்தன. அவ்விளக்குகள் பொய்யாக எரிந்தன என்பது பிற்பாடு விசாரணையில் தெரிந்தது. ஆனால் விமானிகள் அவ்வேளையில் வாதம் செய்து கொண்டிருக்கவில்லை. 'உடனே இறக்கு' என்று விதிப்பட்டியல் சொன்னதும், பழகிய முறைப்படி ஹெலிகாப்டரைக் கடல்மீது மெதுவாக அமர்த்தினர். முதலதில் 14 பேர், இரண்டாவதில் 19 பேர். ஒருவர் தவறாமல் அனைவரும் மீட்கப்பட்டனர்.

மேலே கூறியவற்றைக் கொண்டு, மாண்ட விமானிகளின்மேல் பழி சுமத்துவது நம் நோக்கமன்று. அவர்கள் தைரியத்திலோ திறமையிலோ குறைந்தவர்களல்லர். தங்கள் உயிரையும் சேர்த்தே பணயம் வைத்தவர்கள். யந்திரத்தின் உட்கூறுகளை அவர்களுக்கு முழுதும் கற்பியாமலும், அபூர்வமான அபாயங்களைத் திரும்பத் திரும்பப் பழக்கியாமலும் விட்ட ஏற்பாட்டின் குறையே முதற்குறை. அத்தகைய அபாயங்களை ஆகாயத்தில் செய்து பழக இயலாது. பழக முயல்வதே விபத்தாக முடியும். சிமுலேட்டர் என்னும் பாவனை யந்திரத்தில், தரையிலேயே அமர்ந்து, இருளையும் மழையையும் மூடுபனியையும் எண்ணெய் வற்றுவதையும் உண்மைபோல் உண்டாக்கிப் பழகலாம். அதற்குப் பணம் செலவாகும். ஆனால் அதிலே விழுகிறவன் எழுந்து வீட்டுக்குப் போகிறான்.

பயிற்சிக்கு எட்டாதவை

பயிற்சியினால் எல்லாம் ஆகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. 1986-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி ஷெட்லந்துக்கு அருகே சினூக் ரக ஹெலிகாப்டர் பற்சக்கரம் முறிந்து விழுந்ததில் 45 பேர் மாண்டு இருவரே தப்பினர். 2009-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி ஸ்காட்லந்துக் கரைக்கு அப்பால் சூப்பர் பூமா ஒன்றின் விசிறி தனியே கழன்று போனதில் 16 பேரும், 2016-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி நார்வேயின் டூராய் தீவில் ஈ.சி.-225 ஒன்றின் விசிறி அவ்வாறே கழன்றதில் 13 பேரும், ஒருவர் மிச்சமின்றி மாண்டனர். விசிறி கழன்ற பிறகு உலகத்தின் தலைசிறந்த விமானியும் செய்வதற்கு ஒன்றுமில்லை. டூராய் விபத்தில், பற்சக்கரத்தினுள்ளே வளர்ந்து வந்த விரிசலைக் கண்காணிப்புக் கருவிகள் முன்கூட்டி அறிவிக்கவுமில்லை.

ஆகையால் யந்திரத்தைச் செய்கிறவரின் பொறுப்பு வேறு, ஓட்டுகிறவரின் பொறுப்பு வேறு, ஏறுகிறவரின் பழக்கம் வேறு, இவற்றையெல்லாம் கண்காணிக்கும் சர்க்காரின் கடமை வேறு. நான்கு கால்களுள்ள கட்டிலில் ஒரு கால் ஒடிந்தாலும் படுத்திருப்பவன் விழுவது நிச்சயம். ஆனால் இந்நான்கில் அந்நிய தேசத்துத் தொழிற்சாலைகளின் கையில் பெரிதும் இருப்பது யந்திரம் ஒன்றே. மற்ற மூன்றும் நம் கையில் உள்ளவை. நம் கையில் உள்ளதை முதலில் செம்மைப்படுத்துவதே விவேகம்.

சட்டம் செய்த மாறுதல்

சம்பர்க் விபத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் விமானத்துறை அதிகாரிகள் 2014-ம் வருஷம் பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதன் விளைவாக ஏற்பட்ட விதிகள் சில நம் கவனத்துக்குரியவை. கடல் மிகவும் கொந்தளிக்கும்போது அத்தகைய விமானங்கள் செல்லலாகாது. தகுந்த சுவாசக் கருவி அணியாத பிரயாணிகளை ஜன்னலையொட்டிய ஆசனங்களிலே மட்டும் அமர்த்த வேண்டும். அதாவது நடு ஆசனங்கள் காலியாய்ப் போனாலும் போகட்டும். 2015-ம் வருஷம் ஏப்ரல் முதல் பிரயாணிகளின் தோளகலமும் அளக்கப்பட்டது. 55.9 சென்டிமீட்டருக்குக் குறையாத தோளகலம் உள்ளவர், அதற்கேற்ற பெரிய ஜன்னலின் அருகிலேயே உட்கார வேண்டும். ஜன்னல் வழியே புக முடியாதவனுக்கு ஜன்னல் இருந்தென்ன பயன்? சாமானியமான இந்தக் கேள்வியைக் கேட்டுச் சட்டமாக்குவதற்கு அவர்களுக்கு எத்தனையோ உயிர்கள் பலியாக வேண்டியிருந்தது.

அதே சம்பர்க் விபத்தில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. பிரயாணிகளிடம் கொடுக்கப்பட்டிருந்த சுவாசப் பையில் தனியாகவே காற்று அடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆனால் புறப்படும் முன் காட்டப்பட்ட பாதுகாப்புப் படத்தில் அதைப்பற்றிச் சொல்லப்படவில்லை. கருவி மார்பிலேயே தொங்கிற்று. அதன் குணம் அணிந்தவனுக்குத் தெரியவில்லை. கருவியை வாங்கிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று கருதும் எல்லோருக்கும் இதுவொரு சவுக்கடியாகும்.

நாம் வேண்டுவன

நம் தேசத்திலும் நற்காரியங்கள் நடவாமலில்லை. 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் கோவாவில் எண்ணெய்க் கழகத்தின் கடல் உயிர்காப்புப் பயிற்சி நிலையம் திறந்து வைக்கப்பட்டது. வருஷந்தோறும் 10,000 முதல் 15,000 பேர் வரையில் அங்கே பயிற்சி பெறலாம் என்று சர்க்கார் தெரிவித்தது. கடலில் உயிர் காக்கும் வித்தையை நம் மண்ணிலேயே, நம் ஆசிரியர்களைக் கொண்டே கற்பிக்கும் இந்த ஏற்பாட்டை நாம் மனமார வரவேற்கிறோம். சுதேசியம் என்பது சாமான்களைச் செய்வது மட்டுமன்று. சாமர்த்தியத்தைச் செய்வதும் சுதேசியமே.

ஆனால் கட்டடம் எழும்பியதால் கடமை முடிந்துவிடாது. அங்கே யார் யார் செல்கிறார்கள் என்பதே கேள்வி. கழகத்தின் உத்தியோகஸ்தரும், கண்டிராக்டரிடம் சில மாதங்களுக்கு மட்டும் சேர்ந்த பற்றவைப்புத் தொழிலாளியும், சமையற்காரரும், சாயமடிப்பவரும் ஒரே ஹெலிகாப்டரில் பக்கத்தில் பக்கத்தில் அமர்கிறார்கள். கடல் இவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்து மூழ்கடிப்பதில்லை. எனவே குளத்தில் கவிழ்ந்து பழகாத எவரும், அவர் எந்த அந்தஸ்தினராயினும், கடல்மேடைக்கு ஏறலாகாது. ஒருமுறை பழகினவரும் குறித்த காலத்தில் மறுபடியும் பழக வேண்டும். அச்செலவைத் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்கவும் கூடாது.

இரண்டாவதாக, மேடைகளுக்குச் செல்வோர் பல மாகாணத்தார், பல பாஷைக்காரர். புறப்படும் முன் சொல்லப்படும் எச்சரிக்கையும் விளக்கமும் அவரவருக்கு விளங்கும் பாஷையில் இருக்க வேண்டும். இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ வேகமாக ஒப்புவிக்கப்படும் பாடத்துக்குத் தலையசைக்கும் தமிழ்த் தொழிலாளியும் ஒரியாத் தொழிலாளியும் அதைப் புரிந்து கொண்டார்கள் என்று கருதுவது பெரும்பிழை. தாய்மொழியில் கேட்டதே ஆபத்தில் நினைவுக்கு வரும்.

மூன்றாவதாக, விமானிகள் ஒவ்வொருவரும் தாம் ஓட்டும் ரகத்துக்கே உரிய பாவனை யந்திரத்தில், மழைக்காலத்து அரபிக் கடலையும் இரவில் மேடையை அணுகுவதையும் முறையாகப் பழகி வரவேண்டும். வானிலை சரியில்லை என்று திரும்பி வந்த விமானியைக் கேள்வி கேட்கும் அதிகாரி ஒருவரும் இருக்கலாகாது. திரும்பி வருவதற்குத் தைரியமளிப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

நான்காவதாக, ஒவ்வொரு விபத்தின் விசாரணை முடிவும் காலதாமதமின்றி வெளியாவதோடு, அதன் சாரம் ஒவ்வொரு மேடையிலும் தொழிலாளருக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும். விசாரணையில் கூறப்பட்ட யோசனைகளில் எவை நிறைவேறின, எவை நிலுவையில் உள்ளன என்று பார்லிமெண்டில் வருஷந்தோறும் கணக்குக் கொடுக்கப்பட வேண்டும். அலமாரியில் தூங்கும் அறிக்கை எந்த உயிரையும் காப்பாற்றியதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, கப்பலிலேயே அனுப்பி விடலாமே என்று சிலர் கேட்கலாம். கப்பலுக்குப் பல மணி நேரம் ஆகும் என்பது ஒருபுறமிருக்க, மழைக்காலத்தில் ஆடும் கப்பலிலிருந்து அசையாத மேடைக்கு மனிதனை ஏற்றுவதே ஒரு பெரும் அபாயம். 2005-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி 'சமுத்ர சுரக்ஷா' என்னும் கப்பல் மும்பை ஹை வடக்கு மேடையின் எண்ணெய்க் குழாயில் மோதியதால் தீ மூண்டு 22 பேர் மாண்டதையும், 2021-ம் வருஷம் மே மாதத்துப் புயலில் பி-305 என்னும் மிதவைக் கலம் மூழ்கி ஏராளமான தொழிலாளர் உயிரிழந்ததையும் மறக்கலாகாது. கடல்வழியும் அபாயமற்றதன்று. ஆகாய வழியை விடுவது பரிகாரமாகாது. அதைச் செம்மைப்படுத்துவதே பரிகாரம்.

பணம் அதிகம் செலவாகும் என்று வேறு சிலர் முணுமுணுக்கக்கூடும். ஜன்னலோர ஆசனத்தை மட்டும் நிரப்பினால் இரண்டு முறைக்கு மூன்று முறை பறக்க வேண்டி வரலாம். பாவனை யந்திரத்துக்கும் குளத்துக்கும் கோடிக்கணக்கில் செலவாகலாம். ஆனால் ஒரே நாளில் அந்த வயல் தரும் எண்ணெயின் மதிப்பை எண்ணிப் பாருங்கள். அதை எடுத்துக் கொடுக்கும் கைகளுக்கு அதிலிருந்து ஒரு துளியைச் செலவிடத் தயங்குகிற தேசம், தன் செல்வத்தை எண்ணத் தெரிந்தும் தன் மக்களை எண்ணத் தெரியாத தேசமாகும்.

வட கடலின் பாடங்கள் அந்நாட்டாரின் ரத்தத்தில் எழுதப்பட்டவை. அவற்றைப் படிப்பதற்கு நமக்குக் கட்டணமில்லை. படித்த பிறகும் அதே பாடத்தை நம் தொழிலாளரின் ரத்தத்தில் மறுபடியும் எழுதிப் பார்ப்போமாயின், அதை விதியின்மேல் சுமத்த நமக்கு உரிமையில்லை. நடுக்கடலில் நிற்கும் மேடைகள் தேசத்தின் உடைமை; அங்கே செல்லும் மனிதன் தேசத்தின் பிள்ளை. அவனை அனுப்பும்போது எவ்வளவு சிரத்தை காட்டுகிறோமோ, அவ்வளவு சிரத்தையுடன் அவனைத் திரும்ப வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவதற்கும் ஏற்பாடு செய்யுமாறு சர்க்காரையும், எண்ணெய்க் கழகத்தையும், ஹெலிகாப்டர் ஸ்தாபனங்களையும் நாம் வற்புறுத்துகிறோம்.